மேல் வரிசையில் சிவப்புப் பொட்டு

எனக்கு எழுபத்து நாலு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்தேன். மூத்தவன், அவனுக்குப் பின்னால் இரண்டு பெண்கள், கடைசியாக ஒரு பையன். கடைசிப் பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இதை நானே என் விரலால் அடிக்கிறேன். யாரையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் வரும். ஒரு வரி முடிவதற்குள் வைத்த காபி ஆறிப் போகிறது. போகட்டும், எனக்கு என்ன அவசரம்.

நான் மூணாங்கிளாஸ் வரைக்கும்தான் படித்தேன். பதினேழு வயதில் பொதட்டூர்பேட்டைக்கு மருமகளாகப் போனேன். வீட்டுக்குள்ளேயே பவர்லூம், நாலு தறி. அந்தச் சத்தத்தில் வாயால் பேசி ஒன்றும் ஆகாது. நூல் அறுந்ததா, சோறு ஆச்சா, பால்காரன் வந்தானா, எல்லாம் கையால்தான். கடைசிப் பையன் பிறந்து ஒன்றரை வருஷம் ஆகும் வரைக்கும் அவனுக்குக் காது கேட்கவில்லை என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. எங்களுக்கே ஒன்றும் கேட்காத வீடு அது. என் வீட்டுக்காரர் செத்துப் போன பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருத்தணிக்கு வந்தேன். மலைக்குக் கீழே, குளத்துக்குப் பின்னால் ஒரு அறை. இன்றைக்கும் அதே அறைதான்.

அவனைக் காது கேட்காத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். அங்கேயே தங்கிப் படித்தான். லீவுக்கு வந்தால் தரையில் சாக்பீசால் எழுதிக் காட்டுவான். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நான் எழுதுவதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அவனிடம் சிரிப்பு வாங்கித்தான் எழுத்தைக் கற்றுக்கொண்டேன். சாப்பிட்டாயா, வலிக்கிறதா என்று கேட்கக் கை போதும். மனசில் இருப்பதைச் சொல்ல எழுத்து வேண்டும். மற்ற மூன்று பேருக்காக நான் ஒரு எழுத்தும் படிக்கவில்லை, இவனுக்காகப் படித்தேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பதினைந்து வருஷம் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தேன். எல்லாரும் என்னை ஆயாம்மா என்பார்கள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் கீபோர்டு எல்லாவற்றையும் கழுவ வேண்டும். ஒவ்வொரு கீயாக மேல் மூடியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் போட்டு, துணியில் உலர்த்தி, திரும்ப மாட்ட வேண்டும். பன்னிரண்டு கீபோர்டு. எனக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. வட்டமாக இருப்பது, கொக்கி போல இருப்பது, கோடு நிற்பது என்று உருவத்தைப் பார்த்துப் பார்த்தே அதனதன் இடத்தில் மாட்டுவேன். சென்டர் நடத்திய மாஸ்டர் ஒவ்வொரு வருஷமும் எச்சரிப்பார். "ஆயாம்மா, மூடிய மாத்தி வெச்சீங்கன்னா எழுத்து மாறி வந்துடும். பசங்க என்னைத்தான் கேப்பாங்க." பதினைந்து வருஷத்தில் ஒரு மூடி மாறியதில்லை. கழுவி மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் பார்த்தால் பன்னிரண்டும் கல்யாண வீட்டுக்கு வந்தது போல உட்கார்ந்திருக்கும்.

சென்டரை மூடும்போது மாஸ்டர் ஒரு பழைய கம்ப்யூட்டரை எனக்கே கொடுத்துவிட்டார். அதற்கு முந்தின வருஷம் மலைப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. எலும்பு கூடியது, பேனா மட்டும் நிற்கவில்லை. நான் எழுதியதை என்னாலேயே படிக்க முடியாது. மாஸ்டர் கீயின் மேல் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார். உயிரெழுத்து பெரும்பாலும் இடது கைப் பக்கம், மெய்யெழுத்து வலது கைப் பக்கம். எழுத்தை நாம் வரைய வேண்டாம், அது தயாராக இருக்கிறது, தேடி அமுக்கினால் போதும். எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. மேல் வரிசையில் ஒரு கீ இருந்தது. அதை அமுக்கினால்தான் மெஷின் தமிழுக்கு வரும். அதன் மேல் என் மகள் பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினேன். அழிக்கிற கீக்குப் பச்சைப் பொட்டு. அதற்கப்புறம் எனக்கு யார் தயவும் வேண்டியிருக்கவில்லை.

பையன் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டான். அவன் மெயில் அனுப்புவதும் நான் பதில் போடுவதும் வெள்ளிக்கிழமை சாயங்காலம். மலைமேல் ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்ததும் நான் மெஷின் முன்னால் உட்காருவேன். வாரம் பூராவும் எனக்குப் பேச்சு அது ஒன்றுதான். மூத்தவன் பெங்களூரில் இருந்து போனில் கேட்பான், "மாத்திரை போட்டியாம்மா?" அவ்வளவுதான். பெண்கள் இரண்டு பேரும் மணவூர்ப் பக்கம், அவரவர் குடித்தனம்.

ஒரு ஆவணி மாதம் வெள்ளிக்கிழமை அவனிடமிருந்து வழக்கத்தைவிட நீளமாக வந்தது. முழுதும் படிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கூட வேலை செய்கிற ஒரு பெண். அவளுக்கும் காது கேட்காது. கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். அவள் வீட்டில் வேறு இடம் பார்க்கிறார்கள், மாசக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும். "அண்ணன் வேண்டாம் என்கிறார். அக்காங்க அண்ணன் பேச்சைத்தான் கேட்பார்கள். நீ சொல்லு. நீ சரி என்றால் செய்கிறேன்" என்று எழுதியிருந்தான்.

மூத்தவன் அன்றைக்கே போன் செய்தான். "ரெண்டு பேருக்கும் கேக்காதுன்னா, குழந்த அழுதா யாருக்கும்மா தெரியும்? நீயே சொல்லு."

"பாக்கலாம்டா," என்றேன்.

நான் எதற்கும் உடனே பதில் சொல்கிறவள் இல்லை. அடுத்த வாரம் கிருத்திகை. மாசா மாசம் கிருத்திகைக்குப் படியேறிப் போவது என் வழக்கம். அதுவரைக்கும் மனசிலேயே போட்டு வைத்தேன். ஏறும்போதே பதில் வந்துவிட்டது. தறி வீட்டில் எங்களுக்கும்தான் குழந்தை அழுதது கேட்காது. கண்ணுக்கு எதிரே தூளி கட்டினோம், ஒரு கண் நூல் மேல், ஒரு கண் தூளி மேல். நாலும் வளரவில்லையா? கட்டிக்கொள், அவளைக் கூட்டிக்கொண்டு வா, புடவை நான் எடுக்கிறேன். இதை எப்படி எழுத வேண்டும் என்று இறங்கும்போது ஒவ்வொரு வார்த்தையாகக் கோத்து வைத்தேன்.

இறங்கி வீட்டுக்கு வந்தால் மழை பிடித்துக்கொண்டது. மெஷினை நான் போடக்கூட இல்லை. பக்கத்தில் எங்கேயோ இடி இறங்கியது. பிளக்கைப் பிடுங்கி வைக்காதது என் தப்பு. கருகிய வாசனை ஒன்று வந்தது, அவ்வளவுதான், என் கம்ப்யூட்டர் போயிற்று.

மூத்தவனிடம் சொன்னேன். அவன் ஆபீசில் கழித்துப் போட்ட ஒரு லேப்டாப்பைத் தமிழ் எல்லாம் போட்டு பார்சலில் அனுப்பினான். வந்து சேர எட்டு நாள். போனில் சொன்னான், "எல்லாம் அதே கீதாம்மா. தமிழுக்கு மேல் வரிசையில அதே கீதான்."

திறந்து பார்த்தேன். தட்டையாக, வழுவழுவென்று, அப்பளம் காயப் போட்ட மாதிரி கீ. ஸ்டிக்கர் கிடையாது. வலது பக்கத்தில் எண் கட்டம் இருக்குமே, அதுவும் இல்லை. எழுத்து எங்கே என்பது விரலுக்குத் தெரியும், அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. பழைய கீபோர்டை எடுத்து மடியில் வைத்து, சிவப்புப் பொட்டு வலது ஓரத்திலிருந்து எத்தனையாவது என்று எண்ணினேன். மூன்றாவது. புதியதிலும் ஓரத்திலிருந்து எண்ணி மூன்றாவது மேல் ஒரு பொட்டை ஒட்டி அமுக்கினேன். தமிழ் வரவில்லை, ஒன்றுமே வரவில்லை. அப்புறம் மூடியின் உருவத்தைப் பார்த்துத் தேடினேன். பழைய பொட்டுக் கீயில் ஒரு கோடு நிற்கும், பக்கத்தில் ஒரு முட்டை இருக்கும், பத்து என்று எண் போட்டது போல. அதே உருவம் புதியதில் வேறு இடத்தில் இருந்தது. அமுக்கினேன். வெளிச்சம் குறைந்தது. இன்னும் அமுக்கினேன். திரை இருட்டாகிவிட்டது.

செத்துப் போயிற்று என்றே நினைத்தேன். மறுநாள் காலையில் ஒவ்வொன்றாக அமுக்கியதில் வெளிச்சம் திரும்பி வந்தது, எந்தக் கீ என்று தெரியவில்லை. அழிக்கிற கீயைத் தேடி வலது மூலைக்கு விரல் போனால், அந்த மூலையில் மெஷினை அணைக்கிற கீயைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். நான் அழிக்கப் போகும்போதெல்லாம் மெஷின் தூங்கிவிடும். இடது கீழ் மூலையிலும் எனக்குத் தெரியாத ஒரு கீ குடியேறியிருந்தது. ஏற்கெனவே அங்கே இருந்ததை ஒரு வீடு தள்ளிவிட்டிருந்தார்கள்.

மூத்தவன் கேட்டான், "அடிக்க முடியுதாம்மா? இல்லன்னா நான் அவனுக்குச் சொல்லிடறேன்."

"எல்லாம் நல்லா வருது. நீ ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றேன்.

என்னிடம் அப்போது பட்டன் போன். அதில் தமிழ் கிடையாது, பேசினால் அவனுக்குக் கேட்காது. பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டிருக்கலாம். தெருவில் ஜெராக்ஸ் கடைக்குப் போய் ஒரு வரி அடித்துக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். சொல்லப்போனால், பஸ் ஏறி அரக்கோணம் போய் கோயம்புத்தூர் வண்டியில் உட்கார்ந்திருந்தால் விடியும்போது அவன் வாசலில் இருந்திருப்பேன். இதெல்லாம் இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அந்த மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தேன். எனக்கு எழுதத் தெரியும் என்று ஊர் முழுக்கச் சொன்னவள் நான்.

நாலாவது நாள்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இது ஆபீசில் கிடந்த மெஷின். அங்கேயும் ஆயுத பூஜைக்கு என்னைப் போல யாராவது கழுவியிருப்பாள். கைக்கு வந்தபடி மூடியை மாற்றி மாட்டிவிட்டுப் போயிருப்பாள். மூடி மாறினால் எழுத்து மாறி வரும் என்று மாஸ்டர் சொன்னது எனக்கு மறக்குமா? பாவி, எவளோ அவசரக்காரி என்று அவளைத் திட்டினேன். என் விரல் தப்பு செய்யவில்லை என்று தெரிந்ததில் மனசு கொஞ்சம் லேசாகக்கூட ஆயிற்று.

கொண்டை ஊசியை எடுத்து மேல் வரிசையை முழுதும் கழற்றினேன். பழைய கீபோர்டை எதிரே வைத்து, அதே வரிசைப்படி மாட்ட ஆரம்பித்தேன். பழைய கீ டக்கென்று உட்காரும். இது அப்படி இல்லை, அடியில் பூச்சிக்கால் போல மெல்லிசாக ஒன்று இருக்கிறது. இரண்டு கால் ஒடிந்தது. ஒரு மூடி தெறித்து எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கோடும் முட்டையும் போட்ட மூடியை மட்டும் நான் நினைத்த இடத்தில் எப்படியோ உட்கார வைத்து, அதன் மேல் பொட்டு ஒட்டி, முருகா என்று அமுக்கினேன்.

ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் துணிப்பையில் போட்டு பஜார் தெரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஐம்பது வயது ஆள், நெற்றி நிறைய விபூதி. திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரு பெரியம்மா இந்த வேல செஞ்சது? குரங்கா?"

"ஆங், குரங்குதான்," என்றேன்.

"மலையடிவாரத்துல வீடா?"

"ஆங்."

"அதானே பாத்தேன். போன மாசம் ஒருத்தர் போனையே தூக்கிகினு போயிடுச்சு. ஜன்னல சாத்தி வைங்க." பொட்டைத் தொட்டுப் பார்த்தார். "இதுவும் குரங்கு வெச்சதா?"

நான் பொட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். அவர் சிரிக்கவில்லை. பொறுமையாக ஒரு மூடியை எடுத்துக் காட்டினார். "இது வெறும் மூடி பெரியம்மா. எதத் தூக்கி எங்க வெச்சாலும் அடியில இருக்கறது மாறாது. எழுத்து அடியிலேர்ந்துதான் வருது." அப்புறம் இடது கீழ் மூலையில் புதிதாகக் குடியேறியிருந்த கீயைக் காட்டினார். "லேப்டாப்புல மேல் வரிசைக்கு ரெண்டு வேல. வெறும அமுக்கினா வெளிச்சம், சத்தம். இதப் புடிச்சிகினு அத அமுக்குங்க, பழைய வேலையச் செய்யும்."

அவ்வளவுதான் விஷயம். ஒரு கீயைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கீயை அமுக்க வேண்டும்.

அப்படியானால் பதினைந்து வருஷம் மூடி மாற்றி மாட்டியிருந்தாலும் மெஷினுக்குள் ஒன்றும் மாறியிருக்காது, பார்க்கிறவர் கண்தான் ஏமாந்திருக்கும். நான் எவளைத் திட்டினேனோ, அப்படி ஒருத்தி இருந்திருக்கவே மாட்டாள். கடைக்காரர் ஒடிந்ததற்கு மாற்று மெட்ராஸிலிருந்து வர ஆறு நாள் ஆகும் என்றார். அந்த ஆறு நாளில் மாசக் கடைசி வந்து போயிற்று.

மெஷினைக் கொண்டுவந்து திறந்த அன்று இரண்டு கடிதம் காத்துக்கொண்டிருந்தது. முதலாவதில், "அம்மா, மூணு வெள்ளிக்கிழமையாக நீ எழுதவில்லை. அண்ணனிடம் கேட்டேன். அம்மாவுக்குப் புது மெஷின் நன்றாக வருகிறது, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை என்றார்" என்று இருந்தது. இரண்டாவதில் ஒரு போட்டோ. அங்கே ஏதோ ஒரு முருகன் கோயில். மாலையும் கழுத்துமாக இரண்டு பேர். அவள் வீட்டார் நாலைந்து பேர். எங்கள் பக்கம் யாருமில்லை. கீழே, "உன் சம்மதம் இல்லாமல் செய்துவிட்டேன். கோபம் தீர்ந்தால் எழுது" என்று போட்டிருந்தான்.

மூத்தவன் பொய் சொல்லவில்லை. நன்றாக வருகிறது என்று சொன்னவள் நான். ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று சொன்னவளும் நான்.

கடைக்காரர் சொன்னபடி மூலைக் கீயைப் பிடித்துக்கொண்டு மேல் கீயை அமுக்கினேன். தமிழ் சமத்தாக வந்து நின்றது. படியிறங்கும்போது கோத்து வைத்ததை, தூளியை, புடவையை, எல்லாவற்றையும் அடித்தேன். அடித்து முடித்துப் படித்துப் பார்த்தேன். எல்லாம் ஆன பிறகு இதை அனுப்பினால் என்ன அர்த்தம்? பிள்ளை கல்யாணம் பண்ணிக்கொண்டான் என்று வழிக்கு வந்திருக்கிறாள் என்பான். இல்லை, அப்போதே நினைத்தேன் என்றால், ஏன் எழுதவில்லை என்பான். கீ தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். அவனுக்காகவே எழுத்துப் படித்தவள், அவன் கேட்ட ஒரே கேள்விக்கு எழுத முடியாமல் போயிற்று என்று அவனிடமே சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை, விரலும் வரவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அழிக்கிற கீ எங்கே என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். "நல்லா இருங்க" என்று மட்டும் அடித்து அனுப்பினேன்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை அவன் எழுதுவது குறைந்தது. வந்தாலும் இரண்டு வரி. உடம்பு எப்படி, மழை உண்டா. நானும் இரண்டு வரி போடுவேன். மலையில் பாட்டு ஆரம்பித்ததும் வழக்கம்போலப் போய் உட்காருவேன், பாட்டு முடியும் வரைக்கும் வெறும் திரையைப் பார்த்துவிட்டு மூடி வைப்பேன்.

வருஷத்துக்கு ஒரு முறை ஆடிக் கிருத்திகைக்கு வருகிறார்கள். மருமகள் நல்ல பெண். வந்ததும் காலில் விழுவாள். கிணற்றடியைக்கூட விடாமல் பெருக்குவாள். ஆனால் என் வீட்டில் இரண்டாம் முறை சோறு வாங்க மாட்டாள். நான் கரண்டியோடு போனால் இலை மேல் கையை விரித்து, போதும் போதும் என்று காட்டுவாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், எங்கே சுளிக்கிறதோ என்று. புடவை எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், இதுவரைக்கும் கட்டி நான் பார்க்கவில்லை. ஒன்பது வருஷம் இப்படி ஓடிவிட்டது.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. எட்டு வயது, காதும் கேட்கும், வாயும் ஓயாது. இந்தக் கோடை லீவுக்கு என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். வந்த மூன்றாம் நாள் தலை வாரிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அவ்வா, எங்கம்மாவ உனக்குப் புடிக்காதா?"

"யாருடி சொன்னது?"

"இங்க வர்றதுக்கு முன்னாடி அம்மா நாலு தடவ புடவை மாத்துவாங்க. நீ குடுத்தத எடுப்பாங்க, அப்புறம் உள்ள வெச்சிடுவாங்க."

"நான் ஏதாவது சொன்னேனாமா?"

"நீ ஒண்ணுமே சொல்லலன்னுதான் சொல்றாங்க." அவள் தலையைத் திருப்பினாள், பின்னல் கையிலிருந்து அவிழ்ந்தது. "அப்பா உன்ன கேட்டாராமே. நீ பதிலே போடலையாமே. ஏன் அவ்வா?"

என் வீட்டில் இத்தனை வருஷத்தில் ஏன் என்று கேட்டது அந்தக் குழந்தை ஒன்றுதான். நான் பின்னலைத் திரும்ப முதலிலிருந்து போட்டேன். சாயங்காலம் மெஷினைத் திறந்தேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது, இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. நாளைக்கு அவளைக் கூட்டிப்போக வருகிறார்கள். குரங்கு செய்தது என்று நான் சொன்னதையும் விடாமல் எழுதிவிட்டேன். என் மகனே, மருமகளே, அந்த மூன்று வெள்ளிக்கிழமையும் நான் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. எனக்குக் கீ தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நான் சரி என்றுதான் நினைத்தேன், மலையிலிருந்து இறங்குவதற்கு முன்பே நினைத்துவிட்டேன்.

அனுப்புவதற்கு முன்னால் குழந்தையைக் கூப்பிட்டேன். கையெல்லாம் மாங்காய் உப்பு. கழுவிவிட்டு வரச் சொன்னேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எவ்வளவு நீளம் என்று கீழே வரைக்கும் தள்ளிப் பார்த்தாள்.

"இவ்ளோவும் நீயே அடிச்சியா அவ்வா? தப்பு இருக்கே. திருத்தவா?"

"ஒண்ணும் திருத்த வேணாம். உங்கம்மா படிக்கப் போறது. இருக்கறபடியே, முதல்லேர்ந்து, எனக்கு ஒரு தடவ படிச்சிக் காட்டு."